ஆளைச் சோதித்தலும் வினையை ஆராய்தலும்: கௌடிலீயமும் திருக்குறளும் இக்கால மேலாண்மைக்கு உணர்த்துவன

ஆய்வுச் சுருக்கம்

பழைய வடமொழி நூல்களின் கருத்துகளை இக்கால மேலாண்மையோடு பொருத்திக் காணும் முயற்சிகள் பெருகி வருகின்றன. அவற்றுள் கௌடிலீய அர்த்தசாத்திரம் முதன்மையான இடம் பெறுகிறது. பணியாளரைத் தேர்ந்தெடுத்தல் பற்றிய அதன் ‘உபதை’ என்னும் சோதனை முறை, திருக்குறளின் 501ஆம் குறளுக்குப் பரிமேலழகர் வரைந்த உரைவழித் தமிழ் மரபில் நன்கு அறிமுகமானது. எனினும் அவ்விரு நூல்களுக்கும் இடையேயான ஆழ்ந்த ஒப்புமை ஆளைச் சோதிக்கும் இடத்தில் இல்லை. பணியில் அமர்ந்தபின் வினையை இடைவிடாது ஆராயும் இடத்திலேயே உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மேலாண்மைக்குப் பயன்படத்தக்க பகுதி எது, விலக்கத்தக்க பகுதி எது என்னும் வரையறையும் இதன்வழிப் பெறப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கௌடிலீயம், உபதை, தெரிந்து வினையாடல், பரிமேலழகர், கணக்காய்வு, அக்ஷபடலம், மேலாண்மை.

முன்னுரை

ஒரு நிறுவனத்தின் தலைமை நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாக்கள் இரண்டு. யாரை நம்பிப் பணியை ஒப்படைப்பது என்பது ஒன்று. ஒப்படைத்த பணி முறையாக நடைபெறுகிறதா என்பதை எங்ஙனம் அறிவது என்பது மற்றொன்று. முதல் வினா ஆளைப் பற்றியது. இரண்டாவது வினையைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும்போது இரு தீங்குகள் விளைகின்றன. நல்லவர் என்று தெளிந்துவிட்டோம் என்பதனால் அவர்தம் கணக்கைப் பாராமல் விடுதல் ஒரு தீங்கு. கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதனால் பணியாளரை எந்நேரமும் ஐயுற்று வேவு பார்த்தல் மற்றொரு தீங்கு.

வடமொழி நூல்களை மேலாண்மையோடு பொருத்தும் எழுத்துகளுள் பல, நூலிலிருந்து ஒரு தொடரை எடுத்து அதற்கு இணையான மேலாண்மைக் கலைச்சொல்லை அருகில் நிறுத்துவதோடு அமைகின்றன. அத்தொடர் நூலில் எவ்விடத்தில், எக்கருத்தை மறுத்து அல்லது உடன்பட்டுச் சொல்லப்பட்டது என்பது ஆராயப்படுவதில்லை. இதனால் நூலாசிரியர் மறுத்த கருத்தும் அவர்தம் கருத்தாகவே எடுத்தாளப்படும் நிலை ஏற்படுகிறது. நூற்பொருளை அதன் சூழலில் வைத்து நோக்குதல், தமிழ் உரைமரபோடு ஒப்பிடுதல், இக்காலச் சட்டங்களோடும் நிகழ்வுகளோடும் உறழ்ந்து பார்த்தல் ஆகிய மூன்று நெறிகளில் இக்கட்டுரை அமைகிறது.

1. கௌடிலீயமும் அதன் கால ஆராய்ச்சியும்

கௌடிலீய அர்த்தசாத்திரம் 15 அதிகரணங்களையும் 150 அத்தியாயங்களையும் 180 பிரகரணங்களையும் கொண்டது. நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டுமே பரவலாக அறியப்பட்டிருந்த இந்நூலின் கிரந்த எழுத்துச் சுவடியைத் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்திற்கு அளித்தார். அதன் அருமையை உணர்ந்த ஆர். சாமசாத்திரி 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். பின்னர்த் த. கணபதி சாத்திரி திருவனந்தபுரத்திலிருந்து தம் உரையோடும், ஆர். பி. காங்லே 1960களில் செம்பதிப்பாகவும் வெளியிட்டனர். தமிழில் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரின் மொழிபெயர்ப்புப் பணி குறிப்பிடத்தக்கது.

நூலைச் சந்திரகுப்த மௌரியரின் அமைச்சரான சாணக்கியரோடு இணைப்பது மரபு. தாமசு டிரவுட்மன் 1971இல் சொல்லாட்சிகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, நூல் ஒருவரால் மட்டும் இயற்றப்பட்டதன்று என்னும் முடிவுக்கு வந்தார். பேட்ரிக் ஒலிவெல் 2013இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் முன்னுரையில் நூலின் உருவாக்கத்தை மௌரியர் காலத்திற்குப் பிற்பட்டதாகக் கொள்கிறார். ஆகவே ஒரு பேரரசின் நடப்பு ஆவணமாகக் கொள்வதைவிட, நீண்ட ஆட்சியியல் மரபின் தொகுப்பாக இந்நூலைக் கொள்வதே பொருத்தமுடையது. இவ்வுண்மை மேலாண்மை ஆய்வுக்கும் இன்றியமையாதது. நூலுள் பல குரல்கள் ஒலிக்கின்றன. எக்குரல் கௌடிலியருடையது என்பதை அறிந்தே கருத்தைக் கொள்ளல் வேண்டும்.

2. பணியமர்த்தம்: எழுவர் கருத்தும் கௌடிலியர் முடிபும்

முதல் அதிகரணத்தின் எட்டாம் அத்தியாயம் அமாத்தியர் எனப்படும் உயர் அலுவலரை அமர்த்துவது பற்றியது. இப்பகுதி ஒரு விவாதமாக அமைந்துள்ளது. உடன்பயின்றவரை அமர்த்துக, அவர்தம் தூய்மையும் திறனும் முன்பே அறியப்பட்டவை என்கிறார் பாரத்துவாசர். உடன் விளையாடியவர் அரசனை மதியார். எனவே மறைவான இயல்புகளில் அரசனோடு ஒத்தவரை அமர்த்துக என்கிறார் விசாலாட்சர். மறைவை அறிந்தவர்க்கு அரசனே அஞ்ச நேரும். உயிர்க்கு இடர் வந்தபோது உதவியவரை அமர்த்துக என்கிறார் பராசரர். அது அன்பேயன்றி அறிவன்று. இட்ட பணியில் குறித்த வருவாயை ஈட்டிக் காட்டியவரை அமர்த்துக என்கிறார் பிசுனர். வழிவழி வந்தவரைக் கௌணபதந்தர் பரிந்துரைக்க, அத்தகையோர் அனைத்தையும் தம் கைக்கொள்வர், ஆதலால் புதியவரே தக்கார் என்று வாதவியாதி மறுக்கிறார். நூலறிவு மட்டுமுடைய புதியவர் செயலில் தளர்வர்; குடிப்பிறப்பு, அறிவு, தூய்மை, வீரம், பற்று ஆகியவை உடையவரை அமர்த்துக என்கிறார் பாகுதந்திபுத்திரர்.

எழுவர் கருத்தையும் எடுத்துக்காட்டிய கௌடிலியர் எதனையும் முற்றாகத் தள்ளவில்லை. ஒருவரின் தகுதி அவர் செய்து முடிக்கும் வினையின் திறத்தாலேயே அறியப்படும். இடம், காலம், வினை ஆகியவற்றை நோக்கிப் பதவிகளைப் பகிர்ந்தளித்தல் வேண்டும் என்பது அவர் முடிபு. இத்தகையோர் அனைவரும் அலுவலராகலாம். ஆனால் அனைவரும் மந்திரச் சுற்றத்தினர் ஆகார் என்னும் வரையறையையும் அவர் சேர்க்கிறார்.

இன்றைய நிறுவனங்களின் பணியமர்த்த முறைகள் பெரும்பாலும் இவ்வெழுவர் கருத்துகளுள் ஒன்றில் அடங்குவதைக் காணலாம். ஒரே கல்வி நிறுவனத்தில் பயின்றவரைத் தேர்தல், குடும்பத்தினரிடம் பொறுப்பை வைத்தல், இக்கட்டில் உடனிருந்தவரை உயர்த்துதல், முன்பணியின் விற்பனை எண்ணிக்கையை மட்டும் நோக்குதல் என்பன அவ்வாறானவை. ஒவ்வொன்றிலும் உள்ள நன்மையையும் அதிலிருந்தே முளைக்கும் குறையையும் அடுத்த குரல் சுட்டிச் செல்வதே இவ்விவாதத்தின் சிறப்பு. வள்ளுவரும் இம்முடிபையே உரைக்கிறார். ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தின் 515ஆம் குறள், அறிந்து ஆற்றிச் செய்யும் திறனுடையவனிடமன்றி, இவன் நமக்குச் சிறந்தவன் என்னும் அன்பு பற்றி வினையை ஒப்படைத்தல் ஆகாது என்கிறது. ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தின் 507ஆம் குறளும் அன்புடைமை காரணமாக அறிவிலாரைத் தெளிவதன் கேட்டைச் சுட்டுகிறது.

3. நால்வகை உபதையும் பரிமேலழகர் உரையும்

கௌடிலீயத்தின் முதல் அதிகரணம் பத்தாம் அத்தியாயம், அமர்த்தப்பட்ட அமாத்தியரின் தூய்மையை மறைமுகச் சூழ்ச்சிகளால் அறியும் முறையைக் கூறுகிறது. இச்சோதனையே உபதை எனப்படும். அறம், பொருள், இன்பம், அச்சம் என அது நால்வகைப்படும். அரசனால் நீக்கப்பட்டவர்போல் நடிக்கும் புரோகிதர் ஆளனுப்பி, அறமற்ற இவ்வரசனை நீக்குவோம் எனத் தூண்டுவது அற உபதை. சேனைத்தலைவர் பொருளாசை காட்டுவது பொருள் உபதை. அந்தப்புரத்தில் நம்பிக்கை பெற்ற தவமகள் ஒருத்தி அரசியின் காதலைச் சொல்வதாக நடிப்பது இன்ப உபதை. அமாத்தியரைச் சிறைவைத்து, அச்சத்தால் அரசனுக்கு எதிராகச் சூழ்கின்றனரா எனப் பார்ப்பது அச்ச உபதை.

பரிமேலழகர் 501ஆம் குறளின் உரையில் இந்நான்கனையும் விரித்துரைக்கிறார். வடநூற் கருத்தை உட்கொண்டே வள்ளுவர் இதனைக் கூறினார் என்றும், அதனை அறியாத பிறர் ‘உயிரச்சம்’ என்பதனை ‘உயிரெச்சம்’ எனப் பாடம் திரித்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஒரு பாடவேறுபாட்டைத் தீர்க்க வடநூல் சான்றாகக் கொள்ளப்பட்ட இவ்விடம், இருமொழி மரபுகளின் உறவை ஆராய்வோர்க்கு முதன்மையானது. நான்கிலும் திரியாதவன் எதிர்காலத்தும் திரியான் எனக் கருத்தளவையால் தெளியலாம் என்பதும் அவர்தம் விளக்கம்.

இங்கு இரு கருத்துகள் கவனத்திற்குரியன. முதலாவது, இச்சோதனைகளில் தேறியவரை எவ்வெத்துறையில் அமர்த்துவது என்னும் பகுப்பு, முன்னைய ஆசிரியர் வகுத்ததாகவே கௌடிலீயத்தில் சொல்லப்படுகிறது. அறச்சோதனையில் தேறியவர் வழக்காராயும் துறைக்கும், பொருட்சோதனையில் தேறியவர் வரி தண்டலுக்கும் கருவூலத்திற்கும் உரியர். நான்கிலும் தேறியவரே மந்திரிகளாவர் என்பது அப்பகுப்பு. துறைக்குத் துறை தேவைப்படும் நேர்மையின் வகை வேறு என்னும் நுண்மை இதில் உள்ளது.

இரண்டாவது, இப்பகுப்பை அடுத்துக் கௌடிலியர் தம் பெயர் சுட்டித் தம் கொள்கையாக ஒரு கட்டுப்பாட்டை விதிக்கிறார். அரசன் தன்னையோ அரசியையோ இச்சோதனைக்கு இலக்காக்குதல் கூடாது. மாசற்ற மனத்தில் மாசு புகுத்துவது, நீரில் நஞ்சு கலப்பதை ஒக்கும். ஒருமுறை திரிந்த மனம் பழைய நிலைக்கு மீளாமற் போகலாம். எனவே சோதனையின் இலக்கு புறத்ததாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. சோதனையே குற்றத்தை விளைவிக்கக்கூடும் என்னும் இவ்வெச்சரிக்கை பரிமேலழகரின் அவ்வுரைப் பகுதியில் எடுத்துரைக்கப்படவில்லை. உபதையைக் கௌடிலியரின் மேலாண்மை உத்தியாகப் போற்றும் இக்கால எழுத்துகளிலும் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அறம் பொருள் முதலிய நான்கும் முன்னோர் வழி வந்தவை. அவற்றுக்கு இட்ட எல்லையே கௌடிலியரின் தனிக்கருத்து.

4. வினைவயப்பட்டு வேறுபடும் மாந்தர்

ஆளை முன்கூட்டிச் சோதித்தல் போதுமானது எனில் அதன்பின் ஆய்வு தேவையில்லை. ஆனால் இரு நூல்களும் அவ்வாறு கருதவில்லை. கௌடிலீயத்தின் இரண்டாம் அதிகரணம் ஒன்பதாம் அத்தியாயம், அலுவலரின் வினைகளை நாள்தோறும் ஆராய வேண்டும் என்கிறது. அதற்குக் காரணம் மனித மனத்தின் நிலையாமை. மனிதரைக் குதிரைகளோடு ஒப்பிட்டு, பணியில் பூட்டப்பட்டபின் அவர்தம் இயல்பு மாறுபடும் என்கிறது நூல். கொட்டிலில் அமைதியாக நிற்கும் குதிரையின் குணம், தேரில் பூட்டியபின்னரே புலப்படும் என்பது இவ்வுவமையால் பெறப்படும் பொருள்.

514ஆம் குறள் இக்கருத்தோடு நெருங்கிய ஒப்புமை உடையது. எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளிந்தபின்னும், மேற்கொண்ட வினையின் இயல்பால் வேறுபடும் மாந்தர் பலர் என்பது அதன் கருத்து. இக்குறளின் உரையில் பரிமேலழகர் சீவகசிந்தாமணிக் கட்டியங்காரனை எடுத்துக்காட்டாகச் சுட்டுகிறார். சச்சந்தன் தன் நாட்டாட்சியையே நம்பி ஒப்படைத்த அமைச்சன் அவன். அரசவின்பத்தின் சுவையே அவனைத் திரித்தது. பதவிக்கு முன் நிகழ்ந்த எச்சோதனையும் பதவியின் சுவையை முன்னுணர்த்த இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழில் அரிது.

501ஆம் குறளின் உரையில் எதிர்காலத்தும் திரியான் எனத் தெளியலாம் என்ற உரையாசிரியரே, 514ஆம் குறளின் உரையில் தெளிந்தபின்னும் திரிந்தவனைக் காட்டுகிறார். இதனை முரணாகக் கொள்ள வேண்டுவதில்லை. முன்னது பணி தருவதற்கு வேண்டிய தெளிவு. பின்னது பணி தந்தபின் வேண்டிய விழிப்பு. ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என வள்ளுவர் இரு தனி அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்ததன் நயமும் இதுவே எனலாம். முன்னதன் இறுதிக் குறளாகிய 510, ஆராயாது தெளிதலும் தெளிந்தவனை ஐயுறுதலும் தீராத் துன்பம் தரும் என்கிறது. பின்னதன் இறுதிக் குறளாகிய 520, வினை செய்வான் கோணாதிருக்கும்வரை உலகம் கோணாது. ஆகவே மன்னன் அதனை நாள்தோறும் ஆராய்க என்கிறது.

ஐயுறக் கூடாது என்று ஓரிடத்திலும் நாள்தோறும் ஆராய்க என்று மற்றோரிடத்திலும் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? ஐயம் ஆளைப் பற்றியது. ஆராய்ச்சி வினையைப் பற்றியது. வினை ஆராய்ச்சி அனைவர்க்கும் பொதுவான ஒழுங்காக அமையும்போது அது யார்மீதும் ஐயமாகாது. மாறாக, கணக்கு முறையாக நோக்கப்படும் இடத்தில் நேர்மையானவர் பழிச்சொல்லிலிருந்து காக்கப்படுகிறார். இவ்வேறுபாடே இவ்விரு நூல்களும் மேலாண்மைக்கு வழங்கும் தலையாய கருத்தாகும்.

5. அக்ஷபடலம்: வினையாராய்ச்சியின் அமைப்பு

நாள்தோறும் ஆராய்க என்னும் நெறியை வள்ளுவர் சுருங்க உரைக்க, அதனை நடைமுறைப்படுத்தும் அமைப்பைக் கௌடிலீயம் விரித்துரைக்கிறது. இரண்டாம் அதிகரணத்தின் ஏழாம் அத்தியாயம் அக்ஷபடலம் எனப்படும் கணக்குச் சாலையை விளக்குகிறது. 354 நாள் கொண்ட பணியாண்டு ஆடாட மாத நிறைவோடு முடிகிறது. அப்போது கணக்கர்கள் முத்திரையிட்ட ஏடுகளோடும் மீதத் தொகையோடும் வருதல் வேண்டும். அவர்கள் ஒருவரோடொருவர் உரையாடாதவாறு பார்த்துக்கொள்ளப்படுகிறது. நாள், ஐந்து நாள், பக்கம், மாதம், நான்கு மாதம், ஆண்டு என்னும் கால அளவுகளில் வரவும் செலவும் ஒத்துப்பார்க்கப்படுகின்றன.

அடுத்த அத்தியாயம் அரசுப் பொருளைக் கவரும் நாற்பது வழிகளைப் பட்டியலிடுகிறது. முன்பு வந்ததைப் பின்பு வந்ததாக எழுதுதல், பின்பு வந்ததை முன்பு வந்ததாக எழுதுதல், வந்ததை வரவில்லை எனக் காட்டுதல், வராததை வந்ததாகக் காட்டுதல், ஒருவர் செலுத்தியதை மற்றொருவர் பெயரில் எழுதுதல், கொடுத்தது சிறிதாயினும் பெரிதாக எழுதுதல், எடையிலும் அளவையிலும் எண்ணிக்கையிலும் வேறுபாடு செய்தல் என அது விரிகிறது. இப்பட்டியலில் உள்ளவை வெறும் திருட்டுகள் அல்ல. பெரும்பாலானவை பதிவின் திரிபுகள். பொருள் பெட்டியிலிருந்து மறைவதற்கு முன் ஏட்டிலிருந்து மறைகிறது என்னும் உண்மை இதனால் பெறப்படுகிறது.

2009ஆம் ஆண்டு சனவரியில் வெளிப்பட்ட சத்தியம் கம்ப்யூட்டர் நிறுவன முறைகேடு இதற்கு அண்மைக்காலச் சான்று. நிறுவனத் தலைவர் தம் கடிதத்தில் ஒப்புக்கொண்டபடி, ஏட்டில் காட்டப்பட்ட ரொக்கம், வங்கியிருப்பு ஆகியவற்றில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லாதது. வராததை வந்ததாகக் காட்டுதல் என்னும் பழைய வகையிலேயே இது அடங்குகிறது. பின்னர் இயற்றப்பட்ட 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 139ஆம் பிரிவு, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவை உள்ளிட்ட குறிப்பிட்ட வகை நிறுவனங்களில் தனிக் கணக்காய்வாளர் ஐந்தாண்டுக்கு மேலும், கணக்காய்வு நிறுவனம் தொடர்ந்து பத்தாண்டுக்கு மேலும் நீடிக்கக் கூடாது என வரையறுத்தது. ஒவ்வொரு துறையும் பல தலைவர்களைக் கொண்டதாகவும், அவர்கள் நிலையாக ஓரிடத்தில் இராதவராகவும் இருத்தல் வேண்டும் என்னும் கௌடிலீய நெறியோடு இது கருத்தால் ஒக்கிறது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சட்டம் கணக்கை ஆய்பவரை மாற்றுகிறது. கௌடிலீயம் கணக்கிற்குரிய அலுவலரையே மாற்றுகிறது. மேலும், அரசுப் பொருளை உண்ணாது நெறியோடு பெருக்குபவரை நிலையான பதவியில் வைக்கலாம் என்னும் விதிவிலக்கையும் கௌடிலீயம் தருகிறது. இடமாற்றம் ஒரு தண்டனையன்று. நிலைபேறு ஒரு பரிசு என்பது அதன் உட்கருத்து.

முறைகேடு தெரியவரும்போது விசாரிக்கும் முறையும் நோக்கத்தக்கது. பொருளைக் காப்பவர், பதிபவர், பெறுபவர், கொடுப்பவர், கொடுக்கச் செய்பவர், ஆலோசனை கூறியவர், துணைப்பணி செய்தவர் ஆகியோரைத் தனித்தனியே வினவ வேண்டும் என்கிறது நூல். ஒருவரிடமே அனைத்துப் பொறுப்பும் குவியாமல் பிரிக்கப்பட்டிருந்தாலன்றி இவ்விசாரணை இயலாது. பணிப்பிரிப்பு என இக்காலக் கணக்காய்வு வற்புறுத்தும் கோட்பாட்டின் அடிப்படை இதுவே.

தகவல் தருவோர் பற்றியும் கௌடிலீயம் பேசுகிறது. முறைகேட்டைத் தெரிவித்து மெய்ப்பிப்பவர்க்கு அத்தொகையில் ஆறில் ஒரு பங்கு. அவர் அங்கேயே பணிபுரிபவராயின் பன்னிரண்டில் ஒரு பங்கு. மெய்ப்பிக்கத் தவறினால் தண்டம் உண்டு. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு டாட்-பிராங்க் சட்டம், பங்குச்சந்தை முறைகேடுகளைத் தெரிவிப்போர்க்குத் தண்டத்தொகையில் 10 முதல் 30 விழுக்காடு வரை வழங்க வகைசெய்தது. இந்திய நிறுவனங்கள் சட்டத்தின் 177ஆம் பிரிவு முறையிடுவோர்க்குப் பாதுகாப்பை வற்புறுத்துகிறது. அலுவலர் ஒருவரால் பாதிக்கப்பட்டோர் வந்து முறையிடுக எனப் பறையறைந்து, அவர்தம் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கௌடிலீய விதி இவ்வனைத்தினும் விரிந்த நோக்குடையது. அங்குக் கருவூலத்தின் இழப்பு மட்டுமன்றிக் குடிமக்களின் இழப்பும் கணக்கில் கொள்ளப்படுகிறது.

6. இருமடங்கு வருவாய் என்னும் எச்சரிக்கை

மேலாண்மை எழுத்துகளில் போதிய இடம் பெறாத பகுதி ஒன்று இரண்டாம் அதிகரணத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உள்ளது. வருவாயைக் குறைப்பவன் அரசனின் பொருளை உண்கிறான். குறித்த அளவை இருமடங்காக்குபவன் நாட்டு மக்களையே உண்கிறான் என்பது அதன் கருத்து. இலக்கை விஞ்சியவரைக் கேள்வியின்றிப் பாராட்டும் வழக்கத்திற்கு இது நேர்மாறானது. எதிர்பாராத குறைவு எவ்வாறு விசாரணைக்குரியதோ, அவ்வாறே எதிர்பாராத மிகுதியும் விசாரணைக்குரியது.

அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளர்க்கும் எட்டுச் சேவைகளை விற்றல் என்னும் இலக்கை ஊழியர்க்கு வைத்திருந்தது. வாடிக்கையாளர் அறியாமலேயே அவர்தம் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டமை வெளியாகி, 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். உயர்ந்துகொண்டே சென்ற எண்ணிக்கை நெடுங்காலம் வெற்றியாகக் கொள்ளப்பட்டது. அவ்வெற்றி எங்கிருந்து வருகிறது என்னும் வினா உரிய நேரத்தில் எழவில்லை. கௌடிலீயத்தின் நோக்கில், அங்கு உண்ணப்பட்டவர்கள் வாடிக்கையாளர்கள்; தண்டிக்கப்பட்டவர்களுள் பலர் இலக்கின் சுமையைத் தாங்கிய கடைநிலை ஊழியர்கள்.

7. பிழையும் குற்றமும்

வருவாய் குறைவதற்கான காரணங்களை ஏழாம் அத்தியாயம் அறியாமை, சோம்பல், மறதி, அச்சம், காமம், சினம், செருக்கு, பேராசை என எட்டாகப் பகுக்கிறது. விதி தெரியாமையால் வந்த இழப்பும், எடையைத் திரித்ததால் வந்த இழப்பும் ஒன்றல்ல. இழப்பிற்கான தண்டத்தைக் குறித்து மீண்டும் ஒரு விவாதம் எழுகிறது. எல்லாவற்றிற்கும் எட்டு மடங்கு என்பர் பராசரர் வழியினர். பத்து மடங்கு என்பர் பிருகற்பதி வழியினர். இருபது மடங்கு என்பர் உசனசு வழியினர். குற்றத்தின் தன்மைக்கேற்ப என்பது கௌடிலியர் முடிபு. ஒரே அளவுகோலை வைத்தல் நிருவாகத்திற்கு எளிது. ஆயினும் அறியாமையால் தவறியவனையும் அறிந்தே திருடியவனையும் அது ஒன்றாக்கிவிடும். அறியாமைக்கு மருந்து பயிற்சி. பேராசைக்கு மருந்து தண்டனை. இப்பகுப்பின் பயன் இதுவாகும். மாசற்றாரிடத்தும் நுணுகி நோக்கின் அறியாமை இல்லாதிருத்தல் அரிது என்னும் 503ஆம் குறளின் கருத்து இதற்கு அரண் செய்கிறது.

8. பொருந்தாதன

ஒப்புமை காணும் ஆய்வு வேற்றுமையை மறைத்தல் ஆகாது. கௌடிலீயம் முடியாட்சியின் நூல். அதில் நாடும் கருவூலமும் அரசனுக்குரியவை. அலுவலர் அவன் ஆணைக்கு உட்பட்டவர். ஒற்றர் வலை, உடல் வருத்தும் தண்டனை, பிறப்பு நோக்கிய தரவரிசை ஆகியன அதன் ஆட்சியமைப்பில் பிரிக்கவொண்ணாதன. இக்கால நிறுவனத்தில் பணியாளர் ஒப்பந்தத்தாலும் சட்டத்தாலும் காக்கப்படும் குடிமகன். தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக உரைத்தது. எனவே உபதையை இற்றைப் பணியிடத்திற்குக் கொணர்வது சட்டத்தாலும் அறத்தாலும் பொருந்தாது.

கணினித் திரையை நொடிதோறும் படம்பிடித்தல், விசைப்பலகை அசைவை எண்ணுதல் போன்ற இக்காலக் கண்காணிப்பு உத்திகளையும் இவ்விடத்தில் கருதலாம். இவை வினையை ஆராய்வனபோல் தோன்றினும் உண்மையில் ஆளை ஐயுறுவனவே. செய்து முடித்த பணியின் தரத்தை அவை அளப்பதில்லை. பணியாளர் இருக்கையில் இருந்தாரா என்பதையே அளக்கின்றன. வினையின் திறத்தால் தகுதியை அறிக என்ற கௌடிலியர் முடிபுக்கும், தெளிந்தவனை ஐயுறற்க என்ற வள்ளுவர் முடிபுக்கும் இவை ஒருசேர மாறுபட்டவை.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. கௌடிலீயத்தின் பணியமர்த்த விவாதத்தில் இறுதி முடிபு வினைத்திறனே தகுதி என்பதாகும். 515ஆம் குறள் இதனோடு உடன்படுகிறது.

2. நால்வகை உபதை முன்னோர் மரபாகவே கௌடிலீயத்தில் இடம்பெறுகிறது. அதற்கு எல்லை வகுத்ததே கௌடிலியரின் சொந்தக் கருத்து. இதனைப் பிரித்தறியாது உபதையை மேலாண்மை உத்தியாகப் போற்றுதல் பொருந்தாது.

3. 501ஆம் குறளின் உரை வழியாக அறியப்படும் ஒப்புமையினும், 514, 520ஆம் குறள்களுக்கும் கௌடிலீயம் இரண்டாம் அதிகரணம் ஒன்பதாம் அத்தியாயத்திற்கும் இடையே உள்ள ஒப்புமை கருத்தால் ஆழமானது. வினைவயப்பட்டு மாந்தர் வேறுபடுவர். எனவே நாள்தோறும் வினையை ஆராய்க என்பது இரண்டற்கும் பொதுவான நெறி.

4. கணக்கின் கால ஒழுங்கு, பணிப்பிரிப்பு, அலுவலர் மாற்றம், முறையிடுவோர்க்குப் பயன், குற்றத்திற்கேற்ற தண்டம், மிகை வருவாயை விசாரித்தல் ஆகிய ஆறும் இக்காலத்திற்குக் கொள்ளத்தக்கன. சூழ்ச்சிச் சோதனை, வேவு, உடல் தண்டனை, பிறப்பு வேறுபாடு ஆகியன விலக்கத்தக்கன.

ஒருவரை நம்புவதும் அவர்தம் கணக்கைப் பார்ப்பதும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. கணக்கு அனைவர்க்கும் பொதுவாகப் பார்க்கப்படும் இடத்தில்தான் நம்பிக்கை அச்சமின்றி வாழும். வடமொழிப் பொருள்நூலும் தமிழ் மறையும் தத்தம் வழியில் வந்து சேரும் இடம் இதுவே. அறத்துப்பாலில் அடித்தளம் கொண்ட பொருட்பாலையும், கருவூலத்தில் அடித்தளம் கொண்ட அர்த்தசாத்திரத்தையும் துறைதோறும் இவ்வாறு உறழ்ந்து நோக்கும் ஆய்வுகள் விரிவாக மேற்கொள்ளப்படின், மேலாண்மையியலுக்கும் உரைமரபு ஆய்வுக்கும் ஒருங்கே பயன் விளையும்.